வெட்டியதாகப் பதிவான வாழை

திங்கள்

மாலை வகுப்பில் இன்று தாணுமூர்த்தி சார் பலகையில் ஒரு வாழை மரம் வரைந்தார். சரியாக வரவில்லை, பனை மாதிரி இருந்தது. எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "இது காத்துல இருந்து எவ்வளவு கரி எடுக்குது?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியும் என்று தோன்றியது. ஆனால் எனக்குத் தெரியும் என்று தோன்றிய விஷயங்களில் பாதி தப்பாகத்தான் முடிந்திருக்கின்றன. கையைத் தூக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் இலைப் பரப்பை வைத்து ஏதோ கணக்குச் சொன்னார்.

"எடுக்கிறத எவனும் சொல்லிருவான். வச்சுக்கிடுறது எவ்வளவுன்னு சொல்லு," என்றார் சார். "தாரை வெட்டியாச்சு. பழத்தைத் தின்னாச்சு. தின்னவன் மூச்சும் விட்டாச்சு. எடுத்த கரி இப்ப எங்க?"

"காத்துக்கே போயிருக்கும் சார்."

"அப்ப மிச்சம்?"

"தண்டும் வேரும். மண்ணுல மக்குனது."

"அந்த மிச்சத்துக்குத்தாம்ல தண்ணி."

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆற்றில் வருவது எல்லா வயலுக்கும் பற்றாது என்று ஆன பிறகு, எந்த வயல் காற்றிலிருந்து எடுத்த கரியை, அதாவது கார்பனை, அதிகமாக மண்ணில் பிடித்து வைக்கிறதோ அதற்கே முதலில் மடை திறக்கும் என்று விதி வந்தது. மதிப்பெண் குறைந்த வயலின் மடை கடைசியில் திறக்கும். கடைசி என்றால் பல பருவங்களில் திறக்காமலே போவது.

மதிப்பெண் போடுவது ஓர் இயந்திரம். வயல்களுக்கு மேலே தட்டான் பறந்து படம் எடுத்துவரும்; சிறிய ஆளில்லா விமானத்துக்கு இங்கே அதுதான் பெயர். அந்தப் படங்களைப் பார்த்து ஒவ்வொரு மரத்திலும் எவ்வளவு கரி நிற்கிறது, அடியில் எவ்வளவு கிடக்கிறது என்று இயந்திரம் ஊகிக்கும். அந்த இயந்திரத்தை ஊர்க்காரர்கள் கணக்கப்பிள்ளை என்கிறார்கள். அலுவலகத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்.

ஊகத்தைச் சரிபார்க்க மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். அது என் பகல் வேலை. கணக்கப்பிள்ளை குலுக்கல் முறையில் சில சதுரங்களைக் குறித்துக் கொடுக்கும். அந்தச் சதுரத்தில் நிற்பதை மூட்டோடு வெட்டி, ஒரு கை ஆழத்துக்கு மண்ணையும் தோண்டி எடுத்து, உலர்த்தி, எடை போட வேண்டும். அப்படி எடுப்பதற்கு மாதிரி என்று பெயர். கிடைத்த எடையை வைத்து அந்தக் குளத்துப் பாசனம் முழுவதற்கும் ஊகம் திருத்தப்படும்.

"வானத்துல இருந்து பாத்தது தப்பா இருக்கலாம். மண்ணுல வெட்டுனது தப்பா இருக்காது," என்றார் சார். "கணக்கப்பிள்ளைக்கு நாம முதல்ல படிச்சுக் கொடுத்த பாடமே இதுதான். உலகத்துல எதைச் சந்தேகப்பட்டாலும் மாதிரியச் சந்தேகப்படாது."

"சதுரத்தை நாமளே மாத்தி எடுத்துக்கிடலாமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மாத்துனா நீ நல்ல மரமாப் பாத்துப் போய் நிப்ப. மனுஷப் புத்தி அப்படி."

நான் நிற்க மாட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தபின் அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

புதன்

இன்று நடந்ததைப் பார்த்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

குளத்தின் தென்மடைப் பக்கம் சொரிமுத்து என்பவரின் வாழைத்தோட்டம். வண்டி ஓட்டவும் வெட்டவும் என்னோடு வருபவர் ராயப்பன் அண்ணாச்சி. அவருக்கும் அதே பாசனத்தில் கொஞ்சம் வாழை இருக்கிறது. சதுரத்தின் இடங்காட்டும் கருவி சொன்ன திசையில் நடந்தோம். சதுரம் விழுந்த இடம் தோட்டத்தின் கீழ்க்கோடி, வரப்பை ஒட்டி நின்ற ஒரு வாழை மூடு. சுற்றி நின்ற வாழைகளைவிட அது ஒரு முழம் உயரம். இலை கறுப்பேறிய பச்சை.

"கணக்கப்பிள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்றார் ராயப்பன் அண்ணாச்சி. "தோட்டத்துலயே நல்ல மரத்தைப் பாத்துப் பிடிச்சிருக்கு. எல்லாம் மேடம் நீங்க வந்த ராசி."

சொரிமுத்துவின் மனைவி உலகேஸ்வரி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவளாக இருப்பாள். நாங்கள் நின்ற இடத்தைப் பார்த்ததும் செம்பை வரப்பில் வைத்துவிட்டு, வந்து அந்த மூட்டின்மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எக்கா, இத மட்டும் விட்டுருங்க. வேற எதை வேணும்னாலும் வெட்டிக்கோங்க."

"நாங்க தேர்ந்தெடுக்கலைங்க. குலுக்கல்ல விழுந்தது."

"விழுந்துட்டுப் போட்டும்."

சொரிமுத்து ஓடி வந்தார். "மேடம், மேக்க வாங்க. அங்க நாலஞ்சு மூடு நல்லா நிக்கி. இது சீக்கு மரம்."

"சீக்கு மரமா," என்றார் ராயப்பன் அண்ணாச்சி. "எங்க வீட்டு வாழைக்கும் இந்தச் சீக்கு வராதான்னுதான் ஏங்கிக்கிட்டு இருக்கேன். அடியில என்னத்தப் புதைச்சு வச்சிருக்கீரு? மரத்தூளா, உமிக்கரியா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொரிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று.

விதியில் அதற்குப் புறச்சேர்ப்பு என்று பெயர். வெளியிலிருந்து எந்த உயிர்ப்பொருளையும் கொண்டுவந்து வயலில் புதைத்துக் கரிக் கணக்கை ஏற்றக் கூடாது. மேலாக இடும் உரத்துக்குத் தடை இல்லை. முன்பு ஓர் ஊரில் லாரி லாரியாக மரத்தூள் புதைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, குறித்த சதுரத்தைத் தோண்ட மறுப்பதே புறச்சேர்ப்புக்குச் சான்று என்று ஆக்கிவிட்டார்கள். மறுத்தவர் மடை அந்தப் பருவம் முழுக்க அடைப்பு. சொரிமுத்துவின் வாழை இன்னும் தார் விடவில்லை. மடை அடைத்தால் தோட்டம் காய்ந்துபோகும். அவர்களுக்கு வேறு நிலம் இல்லை. இதையெல்லாம் நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் அச்சடித்த அறிவிப்பு மாதிரி கேட்டது.

உலகேஸ்வரி எழுந்திருக்கவில்லை. "அந்த அண்ணாச்சிய அங்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள்.

ராயப்பன் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார்.

"பிள்ள கெடக்குக்கா இங்க," என்றாள் அவள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அங்கே தூளி எதுவும் கட்டியிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"பங்குனியில பொறந்துச்சு. பொழுது சாயுற வரைக்கும் இருந்துச்சு. பொம்பளப் பிள்ள."

"இடுகாடு இருக்குல்ல," என்றேன்.

"எங்க இருக்கு?" என்றார் சொரிமுத்து. "வேலி போட்டு மரத்த நட்டு கரிக்காடாக்கிட்டாவல்லா. உள்ள மண்வெட்டி பட்டா கேசு. பெரியாளுன்னா டவுனுக்குக் கொண்டு போயி மின்சாரத்துல வச்சிரலாம். பச்சப் பிள்ளைய எரிக்க மாட்டோம் மேடம். எங்க வழக்கத்துல கெடையாது. எங்கன கொண்டு போவேன்? எங்காட்டுல வச்சேன்."

"ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"செத்துப் பொறந்துட்டு, ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டோம்னு சொல்லிருக்கோம். தெரிஞ்சா எவனாவது எழுதிப் போட்டுருவான்லா."

விதியின் வாசகத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வெளியிலிருந்து, உயிர்ப்பொருள், புதைத்தல். எழுதியவர்கள் மரத்தூளை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். வேறு எதற்கும் விலக்கு என்று ஒரு வரிகூட இல்லை.

பிறகு நான் செய்தது இது. கருவியைக் கீழ்க்கோடி மூட்டின் அடியில் ஊன்றி இடத்தைப் பதிவு செய்தேன். ராயப்பன் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, மூன்று வரிசை தள்ளி நின்ற வேறொரு மூட்டைக் காட்டினேன்.

அவர் கருவியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். "இதுதானா மேடம்?"

"இதுதான் அண்ணாச்சி."

"சரி. எனக்கு மரம் மரந்தான்," என்று வெட்டினார். மண்ணையும் அங்கேயே தோண்டினோம். பையில் ஒட்டிய சீட்டில் கீழ்க்கோடிச் சதுரத்தின் எண்ணை எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல் தெளிவாகவே இருந்தது.

வியாழன்

வகுப்பு முடிந்ததும் தாணுமூர்த்தி சாரிடம் தனியாகக் கேட்டேன். ஒரு மாதிரி மட்டும் இடம் மாறிப்போனால் என்ன ஆகும்?

அவர் பலகையை அழித்துக்கொண்டிருந்தார். "எப்படி மாறும்?"

"சும்மா, பேச்சுக்கு சார்."

"நல்ல மரத்துக்குப் பதிலா சுமாரான மரத்தை வெட்டுனன்னு வை. பெரிய இலைக்குள்ள கரி கம்மின்னு கணக்கப்பிள்ளை படிச்சுக்கிடும். அந்தக் குளத்துல அதே மாதிரி இலை வச்ச எல்லா வாழைக்கும் கொஞ்சம் குறையும். எவனோ ஒருத்தன், மார்க்குக் கோட்டுல நிக்கிறவன், கீழ விழுவான்."

"யாருன்னு தெரியுமா சார்?"

"தெரியாது. அவனுக்கும் தெரியாது. வெயிலு சரியில்லன்னு நெனச்சுக்கிடுவான்." டஸ்டரைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏட்டி, சாப்பிட்டியா நீ?"

நான் ஒரு குழந்தையின் இடத்தைக் காப்பாற்றினேன் என்று ஒரு வரி எழுதினேன். யாரோ ஒருவரின் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று அடுத்த வரி எழுதினேன். இரண்டில் எதை அடிப்பது என்று தெரியவில்லை. இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன்.

ஆடி, வெள்ளி

சில வாரங்களாக எதுவும் நடக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் இதற்குள் கூப்பிட்டிருப்பார்கள் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். தென்மடை வரிசைப்படி திறந்தது. சொரிமுத்துவின் வாழை தார் தள்ளுகிறது என்று ராயப்பன் அண்ணாச்சி வழியாகத் தெரிந்தது.

இன்று காலை உலகேஸ்வரி போனில் கூப்பிட்டாள். "எக்கா, கணக்கப்பிள்ளையிட்ட இருந்து சேதி வந்துருக்கு. வாழ்த்துகள்னு போட்டுருக்கு. பயமா இருக்கு. வாரியளா?"

போனேன். வரப்பில் உட்கார்ந்து அவள் போனை வாங்கிப் படித்தேன்.

தட்டான் மறுபடி பறந்திருக்கிறது. கீழ்க்கோடிச் சதுரத்தில் வாழை இல்லை என்பது பதிவு. வெட்டி, உலர்த்தி, எடை போட்டாகிவிட்டது. ஆனால் படத்தில் அதே இடத்தில் முழு உயரத்துக்கு ஒரு வாழை நிற்கிறது. என்னைச் சந்தேகப்படும் என்றுதான் நான் நினைத்தேன். கணக்கப்பிள்ளை சந்தேகப்படவில்லை. மாதிரியைச் சந்தேகப்பட அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெட்டிய மூடு சில வாரங்களில் மறுபடி முழு மரமாக வளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறது. நிஜமாக நான் வெட்டிய மூன்றாம் வரிசை மரத்தைக் காற்றில் சாய்ந்தது என்று ஒதுக்கிவிட்டது.

செய்தி இப்படி இருந்தது: "வாழ்த்துகள். தங்கள் தோட்டத்தின் இந்த இடத்தில் வளர்ச்சி மிகச் சிறப்பாக உள்ளது. இங்கே தாங்கள் என்ன இட்டீர்கள்? மற்ற விவசாயிகளுக்கும் பரிந்துரைக்க விரும்புகிறோம். பதில் கிடைக்காவிட்டால் எங்கள் குழு நேரில் வந்து மண்ணைத் தோண்டி ஆய்வு செய்யும்."

"சாணின்னு போடுங்க," என்றார் சொரிமுத்து.

போட்டேன். உடனே பதில் வந்தது. தொழுஉரத்தால் இந்த வளர்ச்சி வராது. வேறு என்ன இட்டீர்கள்?

"ஆட்டாம்புழுக்கை."

அதுவும் போதாது என்றது. கடலைப் புண்ணாக்கைச் சொன்னோம். மீன் கழிவைச் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் அது மரியாதையாக நன்றி சொல்லி, மறுத்து, திரும்பக் கேட்டது. எல்லா உரத்துக்கும் அதனிடம் கணக்கு இருந்தது. நானே அந்தக் கணக்குகளில் சிலவற்றுக்கு எடை போட்டிருக்கிறேன்.

"என் தப்புதான்," என்றேன். "நான் அன்னைக்கு மாத்தி வெட்டாம இருந்திருந்தா..."

"வெட்டிருந்தா அன்னைக்கே தோண்டிருப்பிய," என்றார் சொரிமுத்து. கோபமில்லாமல்தான் சொன்னார்.

உலகேஸ்வரி வாழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பால்னு போடுங்கக்கா," என்றாள்.

"என்ன பாலு?" என்றார் சொரிமுத்து. "எப்ப ஊத்துன?"

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "நெஞ்சுல கட்டிக்கிட்டுக் கல்லாட்டம் வலிக்கும்லா. பீச்சிக் கண்ட இடத்துல ஊத்தக் கூடாது, யாரும் மிதிச்சிரக் கூடாதும்பாவ. மரத்து மூட்டுல ஊத்தச் சொன்னாவ. நான் வேற எந்த மூட்டுல ஊத்துவேன்?"

சொரிமுத்து எழுந்து கொஞ்ச தூரம் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரப்பில் காலால் மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார். அணைக்க வேண்டிய மண் எதுவும் அங்கே இல்லை.

பால் என்று போட்டேன். இந்த முறை பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. கணக்கப்பிள்ளையிடம் பாலுக்குக் கணக்கு இல்லை போலிருக்கிறது. மறுக்க அதனிடம் எதுவும் இல்லை.

"நன்றி. எத்தனை நாளுக்கு ஒருமுறை இட்டீர்கள்? எவ்வளவு காலம் இட்டீர்கள்?"

அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கட்டும்போதெல்லாம்," என்றாள். "வத்துற வரைக்கும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

"இனி தோண்ட மாட்டாவல்லா?"

"மாட்டாங்க."

"நெசமாத்தான சொல்லுதிய?"

என்னிடம் யாராவது உறுதியாகக் கேட்டால் நான் தடுமாறிவிடுவேன். ஆனால் இதற்கு விதி எனக்குத் தெரியும். காரணம் பதிவாகி, சிறப்பு வளர்ச்சி என்று குறித்த இடத்தை யாரும் வெட்டவோ தோண்டவோ முடியாது. அங்கே நிற்பதற்கு 'மாதிரி வாழை' என்று பெயர் வந்துவிடும். "நிஜமாத்தான்," என்றேன்.

அடுத்த புதன்

மாதிரி வாழை என்றால் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அதை நான் அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. மறந்தேனா, விட்டேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

குளத்துப் பாசனத்தில் உள்ள அத்தனை பேருக்கும் செய்தி போயிருந்தது. பால் இடவும், கட்டும்போதெல்லாம், வற்றும் வரை. எதைக் கட்டுவது, எது வற்றும் வரை என்று ஊரே குழம்பிப்போயிருந்தது. நீரைக் கட்டும்போது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். வாய்க்கால் வற்றும் வரை என்று சிலர். பரிந்துரைப்படி செய்கிறவர்களுக்கு மதிப்பெண் கூடும் என்பதால் யாரும் சும்மா இருக்கவில்லை. காலையில் வண்டியில் வரும்போதே வழியில் ஒருவர் பால்கேனைத் தலைகீழாகப் பிடித்து வாழைக்கு ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் வீட்டுப் பிள்ளைகள் வாய்க்கால் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நானும் நேத்து ஊத்துனேன்," என்றார் ராயப்பன் அண்ணாச்சி. "வீட்டுல கருப்பட்டிக் காப்பிதான் இப்ப. வீட்டுக்காரி என்னையப் பாக்கிற பார்வைக்கு என்னையவே மூட்டுல வெட்டிப் போட்டுருவா."

"ஊத்தாதீங்க அண்ணாச்சி. அதால ஒண்ணும் வராது."

"ஊத்தலைன்னா தண்ணி வருமா மேடம்?"

தண்ணீர் வராது என்பதுதான் விதிப்படி சரியான பதில்.

சொரிமுத்துவின் தோட்டத்தில் ஆள் கூட்டமாக இருந்தது. மேல்மடைக்காரர்கள், கீழ்மடைக்காரர்கள், பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். சுற்றி நிற்பவர்களுக்கு முறையை விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு. எல்லோரும் வரப்பிலிருந்து இறங்கி அந்த மூட்டை நோக்கி நெருங்கினார்கள். ஒருவர் மண்ணைக் கிளறிப் பார்க்கச் செருப்புக் காலை உயர்த்தினார்.

"செருப்பக் கழத்திட்டு வாங்க," என்றாள் உலகேஸ்வரி. மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஏம்மா, கோயிலா இது?" என்று யாரோ கேட்க, சிலர் சிரித்தார்கள்.

"மண் இறுகிடும்," என்றேன் நான். "வேருக்குக் காத்துப் போகாது. எல்லாரும் கழற்றிடுங்க. கிளறாதீங்க."

அது ஓரளவு உண்மையும்கூட. ராயப்பன் அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று ஊகிக்க எனக்குத் தைரியம் இல்லை. முதலில் குனிந்து பூட்ஸைக் கழற்றியவர் அவர்தான். வரப்பில் கொண்டுபோய் வைத்தார். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். வரப்பு நெடுகச் செருப்புகள் குவிந்தன. கூட்டம் வெறுங்காலோடு வாழையைச் சுற்றி நின்றது. எதற்கென்று தெரியாமலே பேச்சும் அடங்கிப்போயிற்று.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். ஒவ்வொருவராக முன்னால் வந்து, இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். ஓர் அம்மாள் உலகேஸ்வரியின் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். மரத்தைப் பாராட்டத்தான் பிடித்திருப்பாள்.

சொரிமுத்து தூரத்தில் மடைக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். உலகேஸ்வரி என் பக்கத்தில் வந்து நின்றாள். வரிசை நகர்வதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பங்குனியில அன்னைக்கு ஒருத்தரும் வரலக்கா," என்றாள்.